கோலாலம்பூரில் வெளிநாட்டுப் பணம் வாங்கப் போகிறீர்களா? விமானம் ஏறும் முன் இதைப் படியுங்கள்

டிக்கெட் விலையை மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே பார்க்கிறோம். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) மிச்சமாகும் என்றால் நள்ளிரவு விமானத்துக்கும் சம்மதிக்கிறோம். ஆனால் கையோடு கொண்டுபோகும் பணத்தை மாற்றுகிற வேலையை மட்டும் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டு, விமான நிலையத்தில் முதலில் கண்ணில் படும் கவுண்டரில் முடித்துவிடுகிறோம். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அந்த ஐந்து நிமிடத்திலேயே போய்விடுகிறது. எவ்வளவு போனது என்பதும் தெரிவதில்லை, ஏனென்றால் அது கட்டணம் என்ற பெயரில் ரசீதில் வராது. ரேட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இருந்துகொண்டு முதன்முறையாக வெளிநாடு போகிறவர்களுக்காக இதை எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களே நம்மில் அதிகம் என்பதால் இந்திய ரூபாய்க்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். கணக்குக் காட்டக் கொடுத்திருக்கும் ரேட்டுகள் உதாரணத்துக்கு மட்டுமே. நீங்கள் போகும் நாளில் இருக்கும் ரேட்டை வைத்து அதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. நடுவிலை தெரியாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்

கூகுளிலோ எக்ஸ்இ செயலியிலோ ரிங்கிட்டுக்கு எதிரான விலையைத் தேடினால் ஓர் எண் வரும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண் அது. அந்த விலைக்குக் கடையில் நோட்டு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நோட்டை வரவழைக்கும் செலவு, காப்புறுதி, கடை வாடகை எல்லாம் கடைக்காரருக்கு இருக்கிறது. அந்த எண் உங்களுக்கு அளவுகோலாகத்தான் பயன்படும்.

கணக்கு இப்படி. நடுவிலை 100 ரூபாய்க்கு 5.00 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் ஒரு கடை 5.06-க்கு விற்கிறது. வித்தியாசம் 6 காசு, அதாவது 1.2 விழுக்காடு. இன்னொரு கவுண்டர் 5.40-க்கு விற்கிறது. அது 8 விழுக்காடு. ஆயிரம் வெள்ளி கொடுத்தால் முதல் கடையில் 19,762 ரூபாய் கிடைக்கும், இரண்டாவதில் 18,518 ரூபாய். பலகையில் பார்க்கும்போது 34 காசு வித்தியாசம்தானே என்று தோன்றும். கைக்கு வரும்போது 1,244 ரூபாய் குறைகிறது. சென்னையில் குடும்பத்தோடு ஒருவேளை நல்ல சாப்பாடு சாப்பிடும் பணம் அது.

என் அளவுகோலைச் சொல்கிறேன். தாய்லாந்து பாட், சிங்கப்பூர் டாலர், அமெரிக்க டாலர் போல இங்கே அதிகம் புழங்கும் நோட்டுக்கு நடுவிலையிலிருந்து 1 முதல் 1.5 விழுக்காட்டுக்குள் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். 3 விழுக்காடு வரை போனால், தொகை சிறியதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 5 விழுக்காட்டைத் தாண்டினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இந்திய ரூபாய்க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ரூபாய் நோட்டின் விலை கூகுள் விலையை ஒட்டியே போவதில்லை. கடைகளுக்கு நோட்டு எவ்வளவு வந்திருக்கிறது, ஊருக்குப் போகும் கூட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். அதனால் ரூபாய்க்கு நடுவிலையை மட்டும் நம்பாமல், அதே நாளில் மூன்று கடைகளின் விலையை ஒப்பிடுவதுதான் சரியான வழி.

மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இணையத்தளத்திலும் அன்றாட விலைகள் வருகின்றன. ரிங்கிட் கடந்த இரண்டு வாரத்தில் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்க அது போதும். அதற்காக நாளைக்கு இன்னும் ஏறுமோ என்று காத்துக் கிடப்பதில் பயனில்லை. இரண்டாயிரம் வெள்ளி மாற்றுகிறவருக்கு ஒருநாள் ஏற்ற இறக்கத்தால் வரும் லாபத்தைவிட, நல்ல கடையைத் தேர்ந்தெடுப்பதால் வரும் லாபம்தான் பெரியது.

2. பலகையைப் படிக்கும் முறை

கடை வாசலில் சிவப்பு எழுத்து ஓடும் பலகையில் ஒவ்வொரு நாட்டுக் கொடிக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றின் மேல் 'வீ பை' என்றும் மற்றதன் மேல் 'வீ செல்' என்றும் எழுதியிருக்கும். இரண்டும் கடைக்காரர் பக்கத்திலிருந்து சொல்லப்படுபவை. ஊருக்குப் போக ரூபாய் வாங்குகிறீர்கள் என்றால் அவர் விற்கிறார், ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது 'வீ செல்'. திரும்பி வந்து மிச்ச ரூபாயைக் கொடுக்கும்போது 'வீ பை'. புதிதாகப் போகிறவர்கள் அழகாகத் தெரியும் எண்ணைப் பார்த்து உள்ளே நுழைந்து, கவுண்டரில் வேறு எண்ணைக் கேட்டுத் திகைப்பது இதனால்தான்.

அடுத்து, எத்தனை டாலருக்கு, எத்தனை ரூபாய்க்கு இந்த விலை என்று பாருங்கள். அமெரிக்க டாலர், சிங்கப்பூர் டாலர், பவுண்டு, யூரோ எல்லாம் ஒன்றுக்கு விலை. இந்திய ரூபாயும் தாய்லாந்து பாட்டும் நூறுக்கு விலை. இந்தோனேசிய ரூப்பியாவுக்குக் கடைக்குக் கடை மாறும். சில இடத்தில் ஒரு லட்சத்துக்கு, சில இடத்தில் பத்து லட்சத்துக்கு. இரண்டு கடையை ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே அளவுக்குத்தானா என்று உறுதிசெய்யுங்கள்.

அமெரிக்க டாலருக்குப் பல கடைகளில் இரண்டு மூன்று வரிசை இருக்கும். நூறு டாலர் நோட்டுக்கு ஒரு விலை, ஐம்பதுக்கு ஒரு விலை, சிறிய நோட்டுகளுக்கு வேறு விலை. மேலே பெரிதாகத் தெரிவது நூறு டாலர் நோட்டின் விலை.

'கமிஷன் இல்லை' என்ற வாசகத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம். இங்கே பெரும்பாலான கடைகள் கமிஷன் தனியாக வாங்குவதே இல்லை. அவர்கள் வருமானம் ரேட்டில் இருக்கிறது.

எல்லாக் குழப்பத்தையும் ஒரே கேள்வியில் தீர்த்துவிடலாம்: "ஆயிரம் வெள்ளி கொடுத்தால் கையில் எத்தனை ரூபாய் வரும்?" வேறு எதையும் கேட்க வேண்டாம். அவர் கால்குலேட்டரைத் தட்டி உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். அந்த எண்ணை போனில் குறித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். அங்கேயும் அதே கேள்வி, அதே ஆயிரம் வெள்ளி.

3. எந்த இடத்துக்குப் போவது

ரேட்டு நல்லதாக இருப்பதற்குக் காரணம் கடைக்காரரின் நல்ல மனது அல்ல, பக்கத்துக் கடை. ஐந்தாறு கடைகள் அருகருகே இருக்கும் இடத்தில் யாரும் அதிகம் ஏற்றி விற்க முடியாது. இதை மனதில் வைத்தே இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

லெபோ அம்பாங்கும் மஸ்ஜிட் இந்தியாவும்: மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் இரண்டுக்கும் நடந்தே போகலாம். இந்திய ரூபாய்க்கு முதலில் பார்க்க வேண்டிய பகுதி இது. பல கடைகளில் தமிழிலேயே பேசலாம். "பாய், இன்னைக்கு இந்தியா ரூபாய் என்ன ரேட்டு?" என்று கேட்டால் பதிலும் தமிழிலேயே வரும்.

மிட் வேலி மெகாமால்: கேடிஎம் நிலையத்தோடு சேர்ந்தே இருக்கிறது. பல நாட்டு நோட்டுகள், நீண்ட வரிசை, வார இறுதியிலும் இரவிலும் திறந்திருக்கும் வசதி. யென், யூரோ, ஆஸ்திரேலிய டாலர் வாங்குகிறவர்களுக்கு நல்ல இடம்.

பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தன்: கேஎல் சென்ட்ரலுக்குப் பக்கம். ஊருக்குத் துணிமணி வாங்கப் போகும்போது சேர்த்து முடிக்கலாம். கிள்ளானில் இருப்பவர்கள் இதற்காகக் கோலாலம்பூர் வர வேண்டியதில்லை. ஜாலான் தெங்கு கிளானாவிலேயே விசாரியுங்கள். பினாங்கில் இருப்பவர்களுக்கு ஜார்ஜ் டவுனில் ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங்கும் லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள தெருக்களும்.

வங்கிகளிலும் நோட்டு விற்கிறார்கள், ஆனால் எல்லாக் கிளையிலும் கிடைக்காது, விலையும் பெரும்பாலும் கடையைவிடக் கூடுதல். ஓட்டல் வரவேற்பு மேசையில் மாற்றவே வேண்டாம். கேஎல்ஐஏ விமான நிலையக் கவுண்டர்களில், வேறு வழியே இல்லையென்றால், இறங்கியதும் வண்டிக்கும் தண்ணீருக்கும் தேவையான அளவு மட்டும்.

தொலைவையும் கணக்கில் சேருங்கள். முந்நூறு வெள்ளி மாற்றுகிறீர்கள் என்றால் ஒரு விழுக்காடு என்பது மூன்று வெள்ளிதான். அதற்காகக் காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வந்து பார்க்கிங் கட்டினால் நட்டம். இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் என்றால் கட்டாயம் வாருங்கள்.

உரிமம் இல்லாத இடத்தில் மாற்றாதீர்கள். பணம் மாற்றும் கடைகள் 2011-ஆம் ஆண்டின் பணச் சேவைத் தொழில் சட்டத்தின் கீழ் பேங்க் நெகாராவிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் கடைக்குள் கண்ணில் படும்படி மாட்டியிருக்கும், உரிமம் பெற்றவர்களின் பட்டியல் பேங்க் நெகாரா இணையத்தளத்திலும் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் "ரேட்டு நல்லா கொடுக்கிறேன்" என்று வருகிறவரிடமும், "இங்கே வெள்ளி கொடுங்கள், ஊரில் ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிற உண்டியல்காரரிடமும் போனால், பணம் வராமல் போகும்போது புகார் கொடுக்கக்கூட உங்களிடம் ரசீது இருக்காது.

4. எந்த நாள், எந்த நேரம்

சனி, ஞாயிறில் உலக நாணயச் சந்தை மூடியிருக்கும். திங்கட்கிழமை விலை எப்படித் திறக்கும் என்று தெரியாததால் கடைக்காரர்கள் பாதுகாப்புக்காக வார இறுதியில் கொஞ்சம் ஏற்றி வைப்பார்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை பதினொன்றிலிருந்து மாலை நான்குக்குள் போவது நல்லது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பல கடைகள் இரண்டு மணி நேரம் அடைத்திருக்கும். அந்த நேரத்தில் போய் வெயிலில் நிற்காதீர்கள்.

பள்ளி விடுமுறை, தீபாவளி, ஆண்டிறுதி நெருங்கும்போது ரூபாய்க்குத் தேவை கூடும். விலை ஏறுவதைவிடப் பெரிய சிக்கல், நல்ல நோட்டு தீர்ந்துபோவது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே பாதியை வாங்கிவிட்டு, மீதியைக் கடைசி வாரத்தில் வாங்குங்கள். உம்ராவுக்குப் போகிறவர்கள் ரியாலையும் இதேபோல் பிரித்து வாங்கலாம்.

தொகை ஐயாயிரம் வெள்ளிக்கு மேல் இருந்தால் முதல் நாளே போன் செய்து நோட்டு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மலாயில் கேட்பதென்றால் "ஹரி இனி ஜுவால் ரூப்பி இந்தியா பெராப்பா?" என்றால் போதும். ஆனால் போனில் சொன்ன ரேட்டு கவுண்டருக்குப் போகும்வரை நிற்கும் என்று எண்ண வேண்டாம். "எத்தனை மணி வரைக்கும் இந்த ரேட்டு?" என்பதையும் கேளுங்கள்.

5. கொண்டுபோக வேண்டியவை

அசல் ஐசி (அடையாள அட்டை), வெளிநாட்டுத் தொழிலாளர் என்றால் அசல் கடப்பிதழ். 3,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் மாற்றினால் அடையாள ஆவணத்தைக் கேட்டுப் பதிவு செய்வது கடைக்காரரின் கடமை. அதற்குக் குறைந்த தொகைக்கும் சில கடைகள் கேட்கும். நகல் மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடலாம். ஐசி காட்டுவதைத் தவிர்க்க, ஒரே நாளில் தொகையைத் துண்டு துண்டாக்கிக் கடை கடையாக மாற்றுவது வேண்டாத சந்தேகத்தைத்தான் வரவழைக்கும். சொந்தச் சம்பாத்தியத்தை மாற்றுகிறவர் மறைக்க ஒன்றுமில்லை.

பெரும்பாலான கடைகள் ரொக்கம்தான் வாங்கும். சிலவற்றில் டூயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்பலாம். ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு எடுக்கும் உச்சவரம்பு உங்கள் கார்டில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று முதல் நாளே வங்கிச் செயலியில் பாருங்கள். கவுண்டர் வரிசையில் நின்றுகொண்டு வரம்பை மாற்றப் போராடும் காட்சி லெபோ அம்பாங்கில் அன்றாடம் நடக்கிறது. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்து மாற்ற நினைக்கவே வேண்டாம். 5 விழுக்காடு அளவுக்கு முன்கட்டணமும், அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் சேர்ந்து, நல்ல ரேட்டு தேடி அலைந்த உழைப்பு முழுவதும் வீணாகும்.

6. கவுண்டரில் நிற்கும் அந்த ஐந்து நிமிடம்

அதிகத் தவறு நடப்பது இங்கேதான். அவசரப்படாதீர்கள், பின்னால் நிற்கிறவர் பெருமூச்சு விட்டாலும் பரவாயில்லை.

விலை கேட்டதும் ஒருமுறை குறைக்கச் சொல்லுங்கள். "போலே கூராங் சிக்கிட்?" என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை. ஆயிரம் வெள்ளிக்கு மேல் என்றால் சில கடைகள் ஒன்றிரண்டு காசு விட்டுக்கொடுக்கும். 5.06 என்பது 5.04 ஆனால் ஆயிரம் வெள்ளிக்கு 78 ரூபாய் கூடுதல்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே எந்த நோட்டு வேண்டும் என்று சொல்லுங்கள். கொடுத்த பிறகு சொன்னால் கேட்கமாட்டார்கள். இந்தியாவுக்கு என்றால் முழுவதையும் 500 ரூபாய் நோட்டாக வாங்காதீர்கள். விமான நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரரிடமும் தேநீர்க் கடையிலும் ஐந்நூறை நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள். இருபதாயிரம் ரூபாய் வாங்கினால் அதில் இரண்டாயிரமாவது நூறும் இருநூறுமாக இருக்கட்டும்.

அடுத்து எண்ணுவது. இயந்திரம் சரசரவென்று எண்ணி முடித்து எண்ணைக் காட்டும். அது போதாது. இயந்திரத்துக்கு எண்ணிக்கை தெரியும், கிழிசல் தெரியாது. கட்டைக் கையில் வாங்கி, கவுண்டர் மேல் வைத்தபடியே, கேமரா பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு நோட்டாகத் தள்ளுங்கள். 500 ரூபாய் நோட்டு சாம்பல் நிறத்தில் இருக்கும், பின்புறம் செங்கோட்டை. லேசாகச் சாய்த்தால் நடுவில் ஓடும் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். 500 என்ற எண்ணும் அப்படியே நிறம் மாறும். மாறாத நோட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். பிறகு விளிம்புகளைப் பாருங்கள். நடுமடிப்பில் கீறல் விட்டது, ஓரம் கிழிந்து ஒட்டுநாடா ஒட்டியது, எண்ணெய்க் கறை படிந்தது, இவை எதையும் ஏற்காதீர்கள். "இது ஓடும்" என்று கடைக்காரர் சொல்லலாம். ஓடாது. தமிழ்நாட்டுக் கடைகளில் ஒட்டுநாடா ஒட்டிய நோட்டைக் கையில் வாங்கியதுமே திருப்பி நீட்டுவார்கள். வங்கியில் மாற்றலாம் என்றால், விடுமுறையில் அரை நாள் அதற்குப் போகும். இங்கேயே "வேற நோட்டு கொடுங்க பாய்" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும்.

கவுண்டரை விட்டு நகர்ந்த பிறகு குறைந்தது என்று சொன்னால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ரேட்டும் தொகையும் அச்சான ரசீதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். மிச்சமானால் திரும்ப என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்றும் அப்போதே கேளுங்கள். ரசீதோடு சில நாட்களுக்குள் வந்தால் சில கடைகள் நல்ல விலைக்கே எடுத்துக்கொள்ளும்.

7. இந்தியாவுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரம்புகள்

இந்தியாவுக்கு வெளியே வசிக்கும் ஒருவர் அங்கே போகும்போது கையில் கொண்டுபோகக்கூடிய இந்திய ரூபாய் ஆளுக்கு 25,000 மட்டுமே, அதுவும் விமான நிலையம் வழியாக நுழைந்தால். பாகிஸ்தான், பங்களாதேஷ் குடிமக்களுக்கு இந்தச் சலுகை இல்லை. திரும்பி வரும்போதும் அதே 25,000 வரம்புதான். கடைக்காரர் ஐம்பதாயிரமும் விற்பார். வரம்பைக் கடைப்பிடிப்பது உங்கள் பொறுப்பு. நான்கு பேர் போனால் ஆளுக்கு 25,000 என்று அவரவர் பையில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பையில் ஒரு லட்சமும் இருந்துவிட்டால், இது குடும்பப் பணம் என்று சுங்கத்தில் நின்று விளக்க வேண்டிவரும்.

அதற்கு மேல் தேவையானதை அமெரிக்க டாலராகவோ சிங்கப்பூர் டாலராகவோ கொண்டுபோகலாம். ரிங்கிட்டாகவே கொண்டுபோவதும் ஒரு வழி. சென்னையிலும் திருச்சியிலும் ரிங்கிட் வாங்கும் கடைகள் உண்டு. ஆனால் ரிங்கிட் மலேசியாவுக்கு வெளியே தாராளமாகப் புழங்கும் நாணயம் அல்ல, ஆகவே நடுவிலைக்கும் கடை விலைக்கும் உள்ள இடைவெளி டாலரைவிட அதற்கு அதிகம். அதேநேரம் இங்கே வெள்ளியை டாலராக்கி, அங்கே டாலரை ரூபாயாக்கினால் இரண்டு முறை நட்டம். இரண்டு பக்கமும் 1.5 விழுக்காடு என்றால் மொத்தம் 3. இங்கேயே ரூபாய் 2 விழுக்காட்டில் கிடைத்தால், முதல் 25,000-ஐ இங்கே ரூபாயாக வாங்கிவிட்டு மீதிக்கு மட்டும் டாலர் என்பதே சரி.

இந்தியாவில் பணம் மாற்றும்போது ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும் தொகையில் 1 விழுக்காட்டைச் சேவையின் மதிப்பாக எடுத்து, அதன் மேல் 18 விழுக்காடு வரி. அந்த மதிப்பு குறைந்தது 250 ரூபாய் என்பதால் குறைந்தபட்ச வரி 45 ரூபாய். ஐம்பதாயிரம் ரூபாய் மாற்றினால் 90 ரூபாய். கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து முறை மாற்றினால் ஒவ்வொரு முறையும் அந்த 45 போகும். மாற்றும்போது என்காஷ்மென்ட் சான்றிதழை (பணம் மாற்றியதற்கான சான்று) கேட்டு வாங்குங்கள். மிச்ச ரூபாயை அங்கேயே திரும்ப வெளிநாட்டுப் பணமாக்க அதைக் கேட்பார்கள்.

வெளிநாட்டு நோட்டுகள் மட்டும் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் இந்தியச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். மலேசியாவிலிருந்து கிளம்பும்போது 10,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் இங்கே அறிவிக்க வேண்டும்.

அலமாரியில் கிடக்கும் பழைய நோட்டுகளை இப்போதே பிரித்துப் பாருங்கள். 2016 நவம்பரில் செல்லாததான பழைய 500, 1000 நோட்டுகள் வெறும் காகிதம். 2000 ரூபாய் நோட்டு 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கடையில் வாங்க மாட்டார்கள், சாதாரண வங்கிக் கிளையிலும் மாற்ற முடியாது, ரிசர்வ் வங்கியின் அலுவலகங்களுக்குத்தான் போக வேண்டும். இங்கே யாராவது 2000 ரூபாய் நோட்டை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

8. கார்டில் வரும் பொறி

எல்லாவற்றையும் ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஓட்டல், பெரிய கடை, மருத்துவமனைக்குக் கார்டு போதும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். நம் வங்கிகளின் டெபிட் கார்டுகளில் அது பெரும்பாலும் மூடியே இருக்கும். அங்கே போய் ஏடிஎம் முன்னால் நின்றுகொண்டு திறக்க முயன்றால், உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி மலேசிய எண்ணுக்கு வரலாம், அந்த சிம் அப்போது போனில் இல்லாமல் போகலாம்.

கார்டை நீட்டியதும் இயந்திரம் கேட்கும்: ரூபாயில் கட்டுகிறீர்களா, ரிங்கிட்டில் கட்டுகிறீர்களா? ரிங்கிட் நமக்குப் புரிந்த கணக்கு என்பதால் கை தானாக அங்கே போகும். அதை அழுத்தாதீர்கள். ரிங்கிட்டைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விலையை அந்தக் கடையின் இயந்திரச் சேவை நிறுவனம் நிர்ணயிக்கும். 4, 5 விழுக்காடு கூடுதலாக இருப்பது சாதாரணம். எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மில் இதே கேள்வி "இந்த மாற்று விலையை ஏற்கிறீர்களா?" என்று வரும். மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் பணம் வரும், உங்கள் வங்கியின் விலையில்.

வெளிநாட்டு ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு. தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு 220 பாட் அல்லது அதற்கு மேல். ஆயிரம் பாட் எடுக்க 220 பாட் கொடுப்பதைவிட, தேவையை மொத்தமாகக் கணக்கிட்டு ஒரே முறை எடுங்கள். வைஸ், பிக்பே போன்ற கார்டுகளுக்கு இலவச வரம்பு எவ்வளவு, அதைத் தாண்டினால் எவ்வளவு என்று செயலியிலேயே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அவை அடிக்கடி மாறுகின்றன.

9. வேறு நாடுகளுக்கு, சுருக்கமாக

தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றிலும் நம் வங்கிச் செயலியின் கியூஆர் வேலை செய்யும் கடைகள் நிறைய. ஆகவே பாட், ரூப்பியா இரண்டையும் குறைவாகவே வாங்குங்கள், இங்கேயே வாங்குங்கள். பாலியில் தெருவோரக் கவுண்டரில் பலகை விலை மிக நன்றாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். எண்ணிக் காட்டிவிட்டுக் கடைசியாக ஒருமுறை கையில் வாங்கி அடுக்கும்போது சில நோட்டுகள் மேசைக்குப் பின்னால் விழுந்துவிடும். நீங்கள் எண்ணிய பிறகு கட்டை மறுபடி அவர் கையில் கொடுக்கக் கூடாது.

வியட்நாமுக்கு நூறு அமெரிக்க டாலர் நோட்டு, புதியது, மடிப்பில்லாதது. பேனாக் கோடோ முத்திரையோ இருந்தால் தள்ளிவிடுவார்கள். இலங்கைக்கும் டாலர்தான், கொழும்பு விமான நிலையத்தின் வங்கிக் கவுண்டர்களில் விலை மோசமில்லை, விமான நிலையத்தில் மாற்றாதே என்ற விதிக்கு அது ஒரு விலக்கு. பிரிட்டனுக்குப் போகிறவர்கள் பழைய காகிதப் பவுண்டு நோட்டுகளைக் கொண்டுபோகாதீர்கள். 20, 50 பவுண்டு காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது.

10. மிச்சப் பணத்தோடு திரும்பும்போது

நாணயங்களை இங்கே யாரும் வாங்க மாட்டார்கள். கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்குப் போகும் முன்பே தேநீருக்கோ பூவுக்கோ செலவழித்துவிடுங்கள். நோட்டு மிச்சம் சில ஆயிரம் ரூபாய்தான், அடுத்த ஆண்டும் ஊருக்குப் போவீர்கள் என்றால், விற்காமல் ஓர் உறையில் போட்டு மேலே தேதியும் தொகையும் எழுதி வையுங்கள். விற்றால் 'வீ பை' விலை, மறுபடி வாங்கினால் 'வீ செல்' விலை, இரண்டு நட்டம். தொகை பெரிதென்றால் வாங்கிய கடைக்கே பழைய ரசீதோடு போங்கள். முதலில் பெரிய நோட்டுகளை மட்டும் எடுத்து நீட்டி விலை கேளுங்கள், கசங்கிய பத்தும் இருபதும் பையிலேயே இருக்கட்டும். அடுத்த முறை ஊரில் இறங்கியதும் ஆட்டோவுக்கு அவைதான் உதவும்.